பத்து மணி மெசேஜ்

ஜூன் 2, திங்கள்

சேசு மரி சூசை.

பள்ளிக்கூடம் இன்று திறந்தது. ஏழரைக்கே போய்விட்டேன். காலை உணவு ரவை உப்புமா, சாம்பார். பிள்ளைகள் தட்டில் விழுவதற்கு முன்னால் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ஒரு வாய் தின்று பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். உப்பு சரி. கேரட் வேகவில்லை, சொன்னேன். சாப்பிட்ட பிள்ளைகள் 43.

மணி அடித்த பிறகு எங்கள் தலைமையாசிரியை தமயந்தி டீச்சர், 'பெனி அம்மா, ஒரு நிமிஷம்' என்று கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டே இருந்தார். அவர் வாயிலிருந்து வராது என்று தெரிந்து நானே சொன்னேன்.

'ரூல் எனக்குத் தெரியும் டீச்சர். பிள்ளை இந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சாத்தான் அம்மா தலைவியா இருக்கலாம்.'

பெனிட்டா பிப்ரவரி 11-ம் தேதி காய்ச்சலில் போய்விட்டாள். நாலாம் வகுப்பு. பரீட்சை, லீவு என்று நாள் ஓடியதில் யாரும் இதைப் பேசவில்லை. இனிப் பேசாமல் இருக்க முடியாதாம், மேலிடத்தில் கேட்கிறார்களாம். இரண்டு பேப்பர் வேண்டும். தலைவி பதவியிலிருந்து விலகும் கடிதம் ஒன்று. பெனி பேரைப் பதிவேட்டிலிருந்து எடுக்கச் சொல்லி, இறப்புச் சான்று வைத்து, இன்னொன்று.

'ஆள் இல்லாம போட்டது போட்டபடி விட்டுட்டு வரக் கூடாது டீச்சர். ஒரு ஆளை நானே பாத்துக் குடுத்துட்டு, ரெண்டு பேப்பரையும் ஒண்ணாத் தர்றேன்' என்றேன்.

டீச்சர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். 'உங்களுக்கு எப்ப முடியுதோ அப்பத் தாங்க.'

சாயங்காலம் இவர் வேலை முடிந்து வந்து, குளித்து, போனை என்னிடம் கொடுத்தார். மெசேஜ் வந்திருந்தது. 'அன்புள்ள பெற்றோரே, தங்கள் குழந்தை இ. பெனிட்டா, 5-ம் வகுப்பு, இன்று பள்ளிக்கு வரவில்லை.' வந்த நேரம் 10.04.

பள்ளியில் 'வரவில்லை' என்று குறித்தால் அப்பா போனுக்குத் தானாக வரும். பேர் பதிவேட்டில் இருக்கும் வரை வரும். லீவில் நின்றிருந்தது.

அஞ்சாம் வகுப்பு என்று போட்டிருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

காலை உணவு கிச்சடி. பிள்ளைகள் 47. ஒரு செபமாலை சொன்னேன். மெசேஜ் 10.11.

இந்த நோட்டு பெனிக்கு வாங்கியது. முதல் நாலு பக்கம் அவள் எழுத்து, மற்றதெல்லாம் வெறும் பக்கம். வீணாகப் போகக் கூடாது என்று நான் எழுதுகிறேன். மூன்றாவதோடு நின்றவள் நான். செபப் புத்தகமும் பஸ் போர்டும் பார்த்து எழுத்துக் கூட்டினேன். பெரிய கழித்தல் கணக்கு பெனி இரண்டாவது படிக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து பழகியதுதான்.

ஜூன் 6, வெள்ளி

முதல் வெள்ளி. காலைப் பூசை. மூன்று மணிக்குக் குழுக் கூட்டம். இருபது பேரில் வந்தவர்கள் 13.

கழிப்பறைத் தண்ணீர்தான் பெரிய பேச்சு. லீவில் மோட்டார் எரிந்துவிட்டது. பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். மனு எழுதினேன், எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

கடைசியில் டீச்சர் அடுத்த தலைவி பேச்சை எடுத்தார். ஏன் என்று சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மாரீஸ்வரி மட்டும், 'தலைவின்னா நாற்காலி உண்டா டீச்சர்? முழங்கால் வலிக்கு அதுக்காகவே நின்னுருவேன்' என்றாள். சிரித்தார்கள். வெங்காயப் பேட்டையில் தரம் பிரிக்கிறவள் அவள். எதையும் இப்படித்தான் பேசுவாள். அவள் மகள் தன்ஷிகாவும் பெனியும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

வீடு வீடாகப் போய்க் கேட்பதாகச் சொல்லியிருக்கிறேன். மெசேஜ் 9.58.

ஜூன் 10, செவ்வாய்

தையல்கார ஞானசௌந்தரி வீட்டுக்குப் போனேன். இரட்டைப் பிள்ளைகள், இரண்டாவது படிக்கிறார்கள். பொறுமையானவள், பொருத்தமானவள். எதையும் மறைக்காமல் சொன்னேன்.

'மாசம் ரெண்டு தடவை ஒன்றிய ஆபீசுக்கு நடக்கணும். நாலு மணி நேரம் நிக்க வச்சுட்டு நாளைக்கு வாம்பாங்க. சோத்துல ஒரு புழு கெடந்தா மொத அடி உன் பேருக்குத்தான். காம்பவுண்டு செவரு சரிஞ்சு ஒரு பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்தத் தாய் முகத்துல நீதான் முழிக்கணும்.'

அவள் மிஷினை நிறுத்திவிட்டாள். 'எனக்கு வேணாம்க்கா. ரெண்டை வச்சுக்கிட்டே முழி பிதுங்குது.'

ஏமாற்றிச் சேர்த்துவிடுவது பாவம். பின்னால் யாரும் என்னைச் சொல்லக் கூடாது. காபி கொடுத்தாள். மெசேஜ் 10.06.

ஜூன் 13, வெள்ளி

அந்தோனியார் திருநாள். தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிறவர். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு என்னவென்று கேட்பது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தலைவி கிடைக்கணும் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஜெராக்ஸ் கடை பரிமளம். பி.காம். படித்தவள், மகன் மூன்றாவது. நான் கேட்பதற்கு முன்பே, 'செய்யலாம்க்கா, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா வேலை பாதியாயிரும்' என்றாள். நான் கோடு போட்டு எழுதி வைத்த மூன்று நோட்டையும் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். கம்ப்யூட்டரில் ஏற்றினாலும் நோட்டும் எழுத வேண்டும் என்றேன். வெள்ளிக்கிழமை கடையை அடைக்க வேண்டி வரும் என்றேன். பள்ளிக்கூட ஜெராக்ஸ் எல்லாம் தன் கடைக்கே வரணும்னு தலைவியானா என்று ஊர் பேசும் என்றேன்.

'அப்படியா பேசுவாங்க?'

இதுவரை யாரும் பேசவில்லை. பேசக் கூடும் என்றுதான் சொன்னேன்.

வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். சாயங்காலமே ஆள் விட்டு முடியாது என்று சொல்லிவிட்டாள். படித்தவளுக்கே இவ்வளவு யோசனை. மெசேஜ் 10.02.

ஜூன் 18, புதன்

பொங்கலில் மிளகு அதிகம். பிள்ளைகள் 46. இன்று மெசேஜ் இல்லை. வகுப்பு டீச்சர் குறிக்க மறந்திருப்பார்.

ஜூன் 24, செவ்வாய்

மனுவோடு ஒன்றிய அலுவலகம். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். பதினொன்றிலிருந்து மூன்று வரை வராந்தாவில் காத்திருந்தேன், இரண்டு செபமாலை முடிந்தது. இன்ஜினியர் நல்ல மாதிரிதான் பேசினார். அடுத்த மாதத்துக்குள் மோட்டார் மாற்றித் தருவதாகச் சொன்னார். மனுவைப் பார்த்து, 'கையெழுத்து முத்து முத்தா இருக்கே, நீங்க எழுதினதா? உங்க பிள்ளை எத்தனாவது?' என்று கேட்டார்.

'அஞ்சாவது' என்றேன்.

பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. பொய் இல்லை. மெசேஜ் 10.09.

ஜூன் 28, சனி

பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபம் இரண்டு முறை, பூசையில் பராக்கு மூன்று முறை. பிறகு இன்ஜினியரிடம் சொன்னதையும் சொன்னேன். பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது சாமி என்றேன்.

'பதிவேடு கெடக்கட்டும்மா. அவர் உங்கிட்டதானே கேட்டாரு' என்றார் பங்குச் சாமி.

அபராதம் மூன்று அருள்நிறைந்த மரியே. மூன்று ரொம்பக் குறைவு. பத்து சொன்னேன்.

ஜூலை 3, வியாழன்

தோமையார் திருநாள். பெனிக்கு இன்று பத்து வயது. அவள் பேரில் பூசை வைத்தோம். இவர் கோவிலிலிருந்து நேரே வேலைக்குப் போய்விட்டார். மெசேஜ் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

முதல் வெள்ளி. பூசை, பிறகு கூட்டம். வந்தவர்கள் 15. இதுவரை ஆறு பேரைக் கேட்டும் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். 'அப்ப இந்த மாசமும் நீங்களே பாத்துக்கங்க' என்றார் டீச்சர். கடவுள் சித்தம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று தோசை சாப்பிட்டேன். இத்தனை நாளாக ஒன்றுக்கு மேல் இறங்குவதில்லை. இவர் தட்டையும் என்னையும் பார்த்தார். மெசேஜ் 10.01.

ஜூலை 8, செவ்வாய்

ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் மாரீஸ்வரி. திரும்பி நின்றுகொண்டு பேசினாள்.

'ஆமா, நீ ஊருக்குள்ள ஆள் தேடுறியா, ஆள் வெரட்டுறியா?'

'என்ன பேச்சு இது?'

'ஞானசௌந்தரி சொன்னா. ஒன்றிய ஆபீசுன்னா என்னமோ யமபட்டணம் மாதிரி சொன்னியாம். பரிமளத்துகிட்ட ஊரே ஏசும்னியாம். நீ ரெண்டு வருசமா இருக்க, உன்னை எவ ஏசுனா? எல்லா வீட்டுப் படியும் ஏறிட்ட. எங்க வீட்டு வழியாத்தானே போற, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?'

'நீ பேட்டைக்குப் போயிர்ற. நேரம் இருக்காது' என்றேன்.

'பேட்டை மூணு மணிக்கு விட்டுரும்.'

நல்லவேளை அவள் முறை வந்துவிட்டது. பருப்பு இன்னும் வரவில்லையாம். மெசேஜ் 10.03.

ஜூலை 9, புதன்

இவர் மத்தியானமே வந்துவிட்டார். இடது கைப் பெருவிரலில் பெரிய கட்டு. செங்கல் உடைக்கும்போது சுத்தியல் தவறி விழுந்ததாம். இருபது வருசக் கொத்தனார், இன்றுவரை கையில் ஒரு காயம் பட்டுக்கொண்டதில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பத்து, பத்தே கால் இருக்கும் என்றார். மஞ்சள் பத்துப் போட விடவில்லை. மெசேஜ் இல்லை.

ஜூலை 14, திங்கள்

காலை உணவு உப்புமா. பிள்ளைகள் 45.

மனசு கேட்காமல் தமயந்தி டீச்சரிடம் கேட்டேன். 'ஜூன் பதினெட்டு, ஜூலை மூணு, ஒம்பது. மூணு நாளும் பெனிக்கு வரலைன்னு போட விட்டுப்போச்சா டீச்சர்?'

டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்து வந்து திருப்பி வைத்தார். அஞ்சாம் வகுப்பு, பதினோராம் எண், இ. பெனிட்டா. பேருக்கு நேராகக் கட்டம் கட்டமாக, வரவில்லை என்பதற்கு 'வ' போட்டிருக்கிறது. ஒரு நாள் விட்டுப்போகவில்லை.

'இதையெல்லாம் நீங்க குறிச்சு வைக்கிறீங்களா பெனி அம்மா?'

எல்லாவற்றையும் குறித்து வைப்பது என் பழக்கம் என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

இவரிடம் கேட்டேன். கட்டை அவிழ்த்து மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போது, விரலைப் பார்த்தபடியே கேட்டேன். 'மூணு நாள் மெசேஜை அழிச்சீங்களா?'

ஆமாம் என்றார்.

'ஏன்?'

மருந்தை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

'நான் பதில் போட்டேன். அவ இனி வர மாட்டான்னு. அது போகலை. செவப்பா ஒரு குறி வந்துச்சு. திரும்பப் போட்டேன். அந்த நம்பருக்குப் பதில் போகாதாம், சித்தாள் பையன் சொன்னான். நீ சாயங்காலம் போனை வாங்கிப் பாப்பியே, நான் எழுதுனது உன் கண்ணுல படக் கூடாதுன்னு மொத்தமா அழிச்சிட்டேன்.'

மூன்று நாளும் அப்படித்தானா என்று கேட்டேன். மூன்று நாளும் அப்படித்தான்.

'பத்து மணின்னா கை நின்னுருது. யாரோ புதுசா வந்து சேதி சொல்ற மாதிரி இருக்கு, தெனமும்' என்றார். 'உனக்கு அது வேணும்னு தெரியும். அதான் நான் ஒண்ணும் கேக்கலை.'

விரலில் நகம் கறுத்துவிட்டது. விழுந்துதான் முளைக்கும்.

ஜூலை 18, வெள்ளி

புது மோட்டார் வந்துவிட்டது. பதினொன்றே காலுக்குக் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் துருத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். பிள்ளைகள் சத்தம் தெருவரை கேட்டது. பெண் பிள்ளைகள் வரிசையாக நின்று கையை நனைத்தார்கள்.

ஞானசௌந்தரி, பரிமளம் எல்லோரும் வந்து பார்த்தார்கள். 'நீங்களே இருந்துருங்கக்கா, உங்களை மாதிரி யாரு அலைவா' என்றார்கள். டீச்சரும் மெதுவாக, 'பேரு பதிவேட்டுல இருக்கிறவரைக்கும் சட்டப்படி நீங்க பெற்றோர்தான், பெனி அம்மா. மேலே இருந்து கேட்டா நான் சமாளிச்சுக்கறேன்' என்றார்.

சட்டப்படி நான் பெற்றோர்தான். அந்த வார்த்தையை இங்கே எழுதி வைக்கிறேன்.

மெசேஜ் 10.05. இவர் அழிக்கவில்லை. நான் கேட்ட பிறகு அழிப்பதில்லை.

ஜூலை 21, திங்கள்

மாரீஸ்வரி வேலைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தாள். கூடவே தன்ஷிகா, சீருடையோடு. பத்தரை மணிக்குப் பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்தில் இல்லை என்று கேட்டேன்.

'போக மாட்டேங்குது. அதைக் கேக்கத்தான் வந்தேன். நீ உள்ள போயி டிவி பாரு' என்று மகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்தாள். வேடிக்கைப் பேச்சு ஒன்றும் இல்லை.

'உம்மவ நம்பர் என்ன?'

'பதினொண்ணு.'

'எம்மவ?'

'பன்னெண்டு.'

'அஞ்சாவதுக்கு வந்திருக்கிற புது டீச்சர் காலையில நம்பர் வாரியாப் பேர் கூப்பிடுது. பத்தாம் நம்பர் உள்ளேன்னு சொல்லிரும். அப்புறம் பெனிட்டான்னு கூப்பிடுது. பதில் இல்லை. பக்கத்துல உக்காந்திருக்கிற பிள்ளைதான் சொல்லணுமாம், அது அங்க பழக்கமாம். தெனமும் எம்பிள்ளைதான் சொல்லுது, பெனி வரலை டீச்சர்னு. சொல்லிட்டு அதுக்கப்புறம் தம் பேருக்கு உள்ளேன்னு சொல்லணும். ஜூன் மாசத்துலேர்ந்து.'

தண்ணீர் மொண்டு வைத்தேன், அவள் தொடவில்லை.

'பத்து நாளாப் படுக்கையை நனைக்குது, ஒம்பதரை வயசுப் பிள்ளை. ஏண்டின்னு கேட்டா, நான் வரலைன்னு சொல்லிச் சொல்லித்தான் பெனி வராமப் போயிட்டாளான்னு கேக்குது. அதுக்கு என்ன பதில் சொல்ல? நீ படிச்சவ, நீ சொல்லு.'

டிவி சத்தம் இல்லை. தன்ஷிகா டிவி போடவில்லை. சாமி படத்துக்குக் கீழே பெனியின் போட்டோ இருக்கிறது, அதன் முன்னால் நின்றிருந்தாள்.

'எனக்குத் தெரியாது மாரி' என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது. டீச்சர் வெறுமனே பார்த்துக் குறிப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

'தெரியாதுதான். அதான் சொல்றேன். தலைவி நான் இருக்கேன். உம் பேப்பரைக் குடுத்துரு.'

'உனக்குப் படிக்கத் தெரியாதே.'

என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

'ரூல்ல இருக்கா, படிச்சிருக்கணும்னு?'

இல்லை. படிப்புத் தேவையில்லை, பிள்ளை படித்தால் போதும். பொய் சொல்லவில்லை, இல்லை என்றேன்.

'அப்பச் சரி' என்று எழுந்தாள். வாசலில் நின்று, 'நான் உன்னை ஏசிட்டேன்னு நெனைக்காத' என்றாள்.

அவள் ஏசவில்லை.

சாயங்காலம் போனை வாங்கினேன். 10.04. 'இன்று பள்ளிக்கு வரவில்லை' என்பதைத் தன்ஷிகா குரலில்தான் படிக்க முடிந்தது. இன்று அந்தப் பிள்ளையும் இல்லை, யார் சொல்லியிருப்பார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

கிச்சடி. பிள்ளைகள் எத்தனை என்று எண்ணினேன், வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிட்டது. மெசேஜ் 10.07.

ஜூலை 23, புதன்

10.02.

ஜூலை 26, சனி

அன்னம்மாள் திருநாள். மாதாவைப் பெற்றவள். மகளை மூன்று வயதில் கோவிலில் விட்டுவிட்டு வந்தவள் என்று சாமி பிரசங்கத்தில் சொன்னார். விட்டுவிட்டுத் திரும்பி வந்த வழியில் அந்த அம்மா என்ன செய்தாள் என்று சொல்லவில்லை. பூசை முடியும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இன்றும் பராக்கு.

பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஆள் கிடைக்கக் கூடாது என்று நினைத்தேன், அப்படி நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறினேன் சாமி என்றேன். எத்தனை முறை என்று நானே எண்ணிச் சொன்னேன். ஆறு வீடு.

ஜூலை 30, புதன்

இந்த நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்தேன், நடுப்பக்கத்தில் பின்னைத் தூக்கி, மற்ற தாள் கழன்றுவிடாமல்.

முதல் கடிதம் சுலபமாக வந்துவிட்டது. இரண்டாவதில், 'எனது மகள் இ. பெனிட்டா தங்கள் பள்ளியில் 5-ம் வகுப்பு' என்பது வரை எழுதி நிறுத்திவிட்டேன். 5 என்பதா 4 என்பதா. இவரைக் கேட்டேன்.

'அவ படிச்சதைப் போடு' என்றார்.

4 என்று எழுதினேன். திருத்தம் தெரியக் கூடாது என்று இன்னொரு தாளில் முழுதாக எழுதினேன். இவர் பீரோவிலிருந்து இறப்புச் சான்றை எடுத்துக் கொடுத்தார். மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். எனக்கு முன்னால் இவர் கையெழுத்துப் போட்டார், கட்டை விரலை நீட்டி வைத்துக்கொண்டு.

மெசேஜ் 10.04.

ஆகஸ்ட் 1, வெள்ளி

முதல் வெள்ளி. பூசை. காலை உணவு பொங்கல். கடைசியாக ருசி பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். உப்பு சரி. பிள்ளைகள் 48. தன்ஷிகாவும் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்தேன். எழுந்திருக்கும்போது சொன்னேன்:

'பெனி வராததுக்குக் காய்ச்சல்தான் காரணம் தங்கம். நீ சொன்னது இல்லை. நீ சொல்லலைன்னாலும் அவ வந்திருக்க மாட்டா.'

தலையை ஆட்டினாள். 'நாளைக்கும் நான் சொல்லணுமா?' என்று கேட்டாள். நாளை சனிக்கிழமை, திங்கள்கிழமையிலிருந்து வேண்டாம் என்றேன்.

'அவ வந்திருக்க மாட்டா' என்று சொல்லிவிட்ட பிறகு மற்றதெல்லாம் கஷ்டமாகத் தெரியவில்லை.

மூன்று மணிக்குக் கூட்டம். வந்தவர்கள் 19. நான் எழுந்து நின்று, என் மகள் இறந்துவிட்டதால் நான் இந்தப் பதவியில் இருக்க முடியாது, மாரீஸ்வரியை முன்மொழிகிறேன் என்றேன். இந்த ஊரில் அந்த வார்த்தையை நான் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. பதினேழு கை தூக்கினார்கள். மாரீஸ்வரியைத் தவிர்த்தால் பரிமளம் மட்டும் தூக்கவில்லை. 'நானும் செய்யலாம்னுதானேக்கா சொன்னேன்' என்று மெதுவாக என்னிடம் சொன்னாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

'நாற்காலி எங்க டீச்சர்?' என்றாள் மாரீஸ்வரி. டீச்சர் தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். தன்ஷிகா பழக்கிவிட்ட கையெழுத்தை நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். 'ஸ்' மட்டும் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

'அடுத்த வாரம் ஒன்றிய ஆபீஸுக்குக் கூட வரணும் நீ. போர்டு படிக்க ஆள் வேணும்.'

'நான் இனி குழுவுல இல்லை மாரி.'

'பஸ்ஸுல பக்கத்துல உக்கார்றதுக்கு என்ன ரூலு?'

வருகைத் தாளில் உறுப்பினர் பெயர், மாணவர் பெயர், வகுப்பு என்று மூன்று கட்டம். என் பேருக்கு நேராக டீச்சர் 'அமலோற்பவம், முன்னாள் தலைவி' என்று எழுதினார். மற்ற இரண்டு கட்டமும் வெறுமையாக இருந்தது.

எல்லோரும் போன பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்தார். 'நீங்க பாக்க வேணாமே' என்றார். பார்க்கிறேன் என்றேன். சிவப்புப் பேனாவைத் திறந்தார். பெனி பேர் மேல் கொண்டுபோய் வைத்தார்.

'ஸ்கேல் வச்சுப் போடுங்க டீச்சர். கோணலாப் போயிரும்.'

ஸ்கேலை நான் பிடித்துக்கொண்டேன். அவர் கோடு போட்டார்.

சாயங்காலம் மெசேஜ் பார்த்தேன். காலையில் வந்தது, 10.00. சரியாகப் பத்து. இதுவரை அப்படி வந்ததே இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஏழு மணிக்குச் சேலை மாற்றிவிட்டேன். செருப்பு மாட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்ப வந்து கழற்றி வைத்துவிட்டு, ஊறவைத்த துணியைத் துவைத்தேன். உப்புமா உப்பு எப்படி இருந்தது, எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று தெரியவில்லை.

தெருவில் தன்ஷிகா பையை மாட்டிக்கொண்டு ஓடினாள். பெனி அம்மா, டாட்டா என்றாள்.

சாயங்காலம் இவர் குளித்துவிட்டு வந்து, பழக்கத்தில் போனை நீட்டினார். நானும் பழக்கத்தில் வாங்கினேன். இரண்டு பேரும் பார்த்தோம். போன் கம்பெனிக்காரன் அனுப்பியது ஒன்றுதான் இருந்தது.

'நான் அழிக்கலை' என்றார்.

'தெரியும்' என்றேன்.

மெசேஜ் இல்லை.